31 கோரிக்கைகள், 3 டெவலப்பர்கள்: எதை முதலில் செய்வது?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டதால் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். கடிதத்தின் சாரம் இது.

எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருந்தவர். மூன்று வருடங்களுக்கு முன் வேலையை விட்டுவிட்டு, பனியன் கம்பெனிகளுக்கான மென்பொருள் ஒன்றைத் தொடங்கினார். நூல் வாங்கியதிலிருந்து நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங் என்று சரக்கு எந்த யூனிட்டில் எத்தனை கிலோ, எத்தனை பீஸ் நிற்கிறது என்று முதலாளிக்குக் காட்டுவதுதான் அதன் வேலை. இப்போது 46 பார்ட்டிகள் மாதம் 2,500 ரூபாய் வாடகை கொடுக்கிறார்கள். மூன்று டெவலப்பர்கள், சப்போர்ட்டுக்கு ஒரு பெண். விற்பனையைக் கவனிப்பவர் கணவரின் தம்பி. மாதச் செலவு 2,10,000 ரூபாய். கையில் மிச்சம் ஏழு லட்சம்.

பார்ட்டிகள் கேட்ட வசதிகளை எக்செல்லில் எழுதியதில் 31 வரிகள் வந்திருக்கின்றன. வாட்ஸ்அப்பில் தகவல் போக வேண்டும், ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி ரிப்போர்ட் தானாக வர வேண்டும், சனிக்கிழமை பீஸ் ரேட் சம்பளம் போட வேண்டும், டாலி கணக்கு மென்பொருளுக்கு மாற்ற வேண்டும் என்று பட்டியல் நீள்கிறது. ஒரு நண்பர், "ஏஐ இல்லாவிட்டால் முதலீட்டாளர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்" என்கிறார். மூத்த டெவலப்பர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக எழுதலாம் என்கிறார். இதற்கு நடுவில் பெரிய எக்ஸ்போர்ட்டர் ஒருவர், தன் கம்பெனிக்கு மட்டும் ஆர்டர் காலண்டர் (எந்த ஆர்டரில் எந்த வேலை எந்தத் தேதியில் என்ற அட்டவணை) ஒன்று செய்து தந்தால் ஆறு லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு டெவலப்பர்களுக்கு நான்கு மாத வேலை. கொழுந்தனாரோ போகிற இடத்திலெல்லாம் "அடுத்த மாசம் வந்துடும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறார். வாசகி, எதை முதலில் செய்வது என்று வரிசைப்படுத்தும் ரைஸ் (RICE) முறையில் மதிப்பெண் போட்டுப் பார்த்திருக்கிறார். வாட்ஸ்அப்பும் ஐடிசி-04-ம் சமமாக முதலிடம், ஏஐ மூன்றாவது. "இந்த மதிப்பெண்ணை நம்பலாமா? ஆறு லட்சத்தை வாங்கலாமா? கொழுந்தனாரிடம் எப்படிப் பேசுவது?" இவைதான் கேள்விகள்.

வணக்கம். இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. பல பேர் "எங்களிடம் நிறைய ஐடியா இருக்கிறது, எதை முதலில் செய்யலாம்?" என்று ஒற்றை வரியில் கேட்பார்கள். நீங்கள் எக்செல்லையே அனுப்பியதால் எண்களை வைத்துப் பேச முடிகிறது.

ஆனால் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது எக்செல்லை அல்ல. கடிதத்தின் இரண்டாவது பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "போன வருஷம் 19 பார்ட்டி நிறுத்திட்டாங்க, பெரும்பாலும் மூணாவது நாலாவது மாசத்துல, வேலை நெருக்கடியில சூப்பர்வைசர் என்ட்ரி போடறதில்லைனு சொன்னாங்க." 31 வரிகளில் இதற்கு ஒரு வரி கூட இல்லை. ஏனென்றால் நிறுத்திப் போனவர்கள் வசதி எதையும் கேட்கவில்லை. பட்டியலில் இருப்பவர்கள் எல்லோரும் இன்னும் உங்களோடு இருப்பவர்கள்.

கணக்கைப் பாருங்கள். 46 பேரிடமிருந்து மாதம் 1,15,000 ரூபாய் வருகிறது. செலவு போக 95,000 துண்டு விழுகிறது. ஏழு லட்சம் ஏழு மாதம் தாங்கும் என்பது சரிதான். போன 19 பேரும் இருந்திருந்தால் மாதம் 47,500 கூடுதலாக வந்திருக்கும். துண்டு விழுவது பாதியாகக் குறைந்திருக்கும். புதிய வசதி எதுவும் இந்த வேகத்தில் உங்களுக்குப் பணம் கொண்டுவந்து தராது.

மதிப்பெண் எங்கே தடுமாறுகிறது

ரைஸ் முறை இன்டர்காம் என்ற மென்பொருள் நிறுவனத்தில் உருவானது. எத்தனை பேருக்குப் பயன்படும், எவ்வளவு பயன், அதில் நமக்கு எவ்வளவு நம்பிக்கை என்ற மூன்றையும் பெருக்கி, வேலைக்கு ஆகும் காலத்தால் வகுப்பது. முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே போகிற எண்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் விஷயம்.

வாட்ஸ்அப்புக்கு நீங்கள் போட்டது 46 பேர், பயன் 1, நம்பிக்கை 80 சதவீதம், ஒரு மாத வேலை. விடை 36.8. ஆனால் கேட்டவர்கள் 26 பேர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 26 என்று மாற்றினால் விடை 20.8-க்கு இறங்கிவிடுகிறது. ஏஐக்கு 46 பேர், பயன் 3, நம்பிக்கை 50, இரண்டு மாதம் என்று போட்டு 34.5 எடுத்திருக்கிறீர்கள். பயனுக்கு அந்த முறையில் இருப்பதிலேயே பெரிய எண் 3. யாருமே இதுவரை பார்க்காத ஒரு வசதிக்கு அந்த எண் எப்படி வந்தது? பயனை 2 என்றும் வேலையை மூன்று மாதம் என்றும் மாற்றிப் பாருங்கள், 15.3-க்கு இறங்கிவிடும். இரண்டு கட்டத்தில் கை வைத்தால் மூன்றாம் இடம் காணாமல் போகிறது என்றால், அந்த வரிசையை வைத்து மூன்று பேருடைய நான்கு மாதத்தைச் செலவு செய்ய முடியாது.

இதற்காக எக்செல்லைத் தூக்கிப் போட வேண்டாம். யார் எந்த எண்ணை எதை நம்பிப் போட்டார்கள் என்று பக்கத்தில் ஒரு பத்தி சேருங்கள். "கொழுந்தனார் சொன்னார்" என்பதும் "12 பார்ட்டிகளின் ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தேன்" என்பதும் ஒரே 80 சதவீதம் ஆக முடியாது. மதிப்பெண் முறையால் எனக்குத் தெரிந்த பெரிய பயன், வீட்டில் இருவர் வேறு வேறு எண் போடும்போது வருகிற சண்டைதான். அந்தச் சண்டையில் உண்மை வெளியே வரும்.

இன்னொரு குறை, மதிப்பெண் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பார்க்கிறது. எது எதன் மேல் நிற்கிறது என்று அதற்குத் தெரியாது.

எல்லாம் டி.சி.யில் தொங்குகிறது

"உங்கள் துணி சாயப்பட்டறைக்குப் போய்விட்டது" என்று வாட்ஸ்அப் போக வேண்டுமானால், போனதை யாராவது பதிந்திருக்க வேண்டும். ஐடிசி-04 என்பதே ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியே கூலி வேலைக்கு, அனுப்பிய, திரும்பி வந்த சரக்கின் கணக்கு. டெலிவரி சலான், அதாவது டி.சி., பதியாவிட்டால் அந்த ரிப்போர்ட் வெறும் தாள். சாயத்தில் எவ்வளவு எடை குறையும் என்று ஏஐ முன்கூட்டிச் சொல்ல வேண்டுமென்றால், போன கிலோவும் வந்த கிலோவும் மாதக்கணக்கில் ஒழுங்காக இருக்க வேண்டும். 31 வரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதில் 20-க்கு மேல், டி.சி. அன்றைக்கே பதியப்பட்டால் மட்டுமே உயிர் பெறும் வசதிகள். நிறுத்திப் போன 19 பேர் போட முடியாமல் விட்டதும் அதே என்ட்ரிதான்.

ஆக, முதல் வேலை உங்கள் பட்டியலிலேயே இல்லை. டி.சி.யைப் பதிவது சூப்பர்வைசருக்குச் சுமையாக இல்லாமல் செய்ய வேண்டும். அதுதான் முதல் வேலை.

ஏன் சுமை? நான் யூகிப்பது இது. ஜாப் ஒர்க்குக்குச் சரக்கு போகும்போது வரிசை எண்ணோடு சலான் எழுதியாக வேண்டும். ஜிஎஸ்டி விதி 55-ன்படி மூன்று பிரதிகள். எனவே டி.சி. புத்தகத்தில் கையால் எழுதுவது எப்படியும் நடக்கிறது. வண்டி நிற்கிறது, டிரைவர் அவசரப்படுத்துகிறார், லாட் எண், கலர், ரோல், எடை எல்லாம் எழுதிக் கிழித்துக் கொடுத்தாயிற்று. அதையே மறுபடி சாயங்காலம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அடிக்கச் சொல்கிறது உங்கள் மென்பொருள். அந்த ரிப்போர்ட்டால் சூப்பர்வைசருக்கு என்ன லாபம்? ஒன்றும் இல்லை. பார்க்கிறவர் முதலாளி, அடிக்கிறவர் சூப்பர்வைசர். முதல் மாதம் முதலாளிக்குப் பயந்து அடிப்பார். தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது விட்டுவிடுவார். ரிப்போர்ட் பொய் சொல்ல ஆரம்பித்ததும் முதலாளி பார்ப்பதை நிறுத்துவார். அடுத்த மாதம் வாடகை நிற்கும்.

இது என் யூகம் என்பதால், கோடு (மென்பொருள் நிரல்) எழுதும் முன்னால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்திய 19 பேரில் ஒரு ஆறு ஏழு பேரிடமாவது நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். கொழுந்தனாரை அனுப்ப வேண்டாம். அவர் போனால் திரும்பச் சேர்க்கப் பார்ப்பார், அவர்களும் மரியாதைக்கு ஏதாவது வசதி கேட்டு அனுப்புவார்கள். "என்ன வசதி வேண்டும்?" என்று கேட்காதீர்கள். "கடைசியாகச் சாயப்பட்டறைக்கு அனுப்பிய லாட்டை எப்படிப் பதிந்தீர்கள், யார் எழுதினார்கள், எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். முடிந்தால் வண்டி ஏற்றும் நேரத்தில் போய் நில்லுங்கள். மெர்ச்சண்டைசராக யூனிட் யூனிட்டாக அலைந்தவர் நீங்கள். மென்பொருள் தொடங்குகிற பல பேருக்கு இல்லாத பலம் அது. அதை எக்செல்லுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

அப்புறம், கோடு இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். இப்போது இருக்கும் பார்ட்டிகளில் என்ட்ரி ஒழுங்கில்லாத ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். "சூப்பர்வைசர் டி.சி.யை எழுதியதும் ஒரு போட்டோ எடுத்து இந்த நம்பருக்கு அனுப்பினால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள். சப்போர்ட்டில் இருக்கும் பெண் அதைப் பார்த்து அடிக்கட்டும். சரக்கின் மதிப்பும் எந்தப் பட்டறைக்குப் போகிறது என்பதும் டி.சி.யில் இருக்கும் என்பதால் முதலாளியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் இப்படி ஓடட்டும். ரிப்போர்ட் உண்மையாக இருக்கும்போது முதலாளி தினமும் திறந்து பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்த்தால், போட்டோவிலிருந்து எழுத்தைப் படிக்க வைப்பதா, போனிலிருந்தே டி.சி. அச்சடித்துக் கையெழுத்து வேலையையே ஒழிப்பதா என்று பிறகு முடிவு செய்யலாம். எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது, இரட்டை வேலை அடியோடு போய்விடும். ஆனால் லோடு ஏற்றும் இடத்தில் பிரிண்டர், கரண்ட், நெட் என்று நடைமுறையில் பல முடிச்சுகள் உண்டு. அதைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

சட்டம் கேட்பதற்கு மதிப்பெண் கிடையாது

இரண்டு இடத்தில் உங்கள் அனுமானத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஐடிசி-04 அக்டோபருக்குள் எல்லோருக்கும் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. முந்தைய ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டியவர்களுக்குத்தான் அரையாண்டுக் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலானதை அக்டோபர் 25-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஐந்து கோடி வரை உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறைதான், ஏப்ரல் 25. தவிர, இதைத் தாக்கல் செய்ய வேண்டியவர் சரக்கை அனுப்பும் முதலாளி. கூலிக்குத் தைத்தோ சாயம் போட்டோ கொடுப்பவர் அல்ல. உங்கள் 46 பேரில் 16 பேர் ஜாப் ஒர்க் மட்டும் செய்பவர்கள் என்று இன்னொரு பத்தியில் இருக்கிறது. அவர்கள் 46-க்குள் எப்படி வந்தார்கள்? மீதி 30 பேரிலும் பலர் சின்ன யூனிட்கள்தான். அதனால் இந்த வேலைக்கு அவசரம் குறைவு, டி.சி. சரியான பிறகு வேலையும் குறைவு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சேர்க்கலாம். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய தேதியிலேயே விற்றதாகக் கணக்கில் கொள்ளப்படும். பத்து மாதம் ஆன டி.சி.க்களைச் சிவப்பில் காட்டுவது ஒரு சின்ன வேலை. ஆடிட்டர்கள் இதை விரும்புவார்கள், பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் சிபாரிசு செய்கிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

இரண்டாவது, பட்டியலின் அடியில் 6.4 மதிப்பெண்ணோடு கிடக்கும் "எடிட் லாக்". ஒரு ஆடிட்டர் கேட்டார், நான்கு பேருக்குத்தான் பயன் என்று ஓரம் கட்டிவிட்டீர்கள். அந்த நான்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள் இல்லையா? 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் கணக்குப் புத்தகத்துக்குப் பயன்படுத்தும் மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும், அதை அணைத்து வைக்க முடியாதபடி இருக்க வேண்டும். உங்கள் மென்பொருள் கணக்குப் புத்தகத்துக்குள் வருமா, டாலியில் மட்டும் இருந்தால் போதுமா என்பது நீங்கள் ஜாப் ஒர்க் பில் போடுகிறீர்களா என்பதைப் பொறுத்தது. அந்த ஆடிட்டரிடமே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வரும் என்றால் அதற்கு மதிப்பெண் போடாதீர்கள், செய்து முடியுங்கள். சட்டத்தை விடுங்கள், "120 கிலோவை 112 என்று யார் மாற்றியது?" என்ற கேள்வி எந்தப் பனியன் கம்பெனியில் வராமல் இருக்கிறது?

இருந்தால் நல்லது, இல்லாவிட்டால்?

வாட்ஸ்அப் 26 பேர் கேட்டதாயிற்றே என்பீர்கள். அதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. நோரியாகி கானோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் 1984-ல் முன்வைத்தது. ஒரு வசதியைப் பற்றி ஒரு கேள்விக்குப் பதிலாக இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: இருந்தால் எப்படி இருக்கும், இல்லாவிட்டால் எப்படி இருக்கும்? "இருந்தால் நல்லாருக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். "இல்லாட்டியும் பரவால்ல, போன்ல கேட்டுக்கறோம்" என்றால் அது மகிழ்ச்சி தரும் வசதி, இல்லாததற்காக யாரும் விட்டுப் போக மாட்டார்கள். "இல்லாட்டி வேற பார்த்துக்கறோம்" என்று வந்தால் அது அடிப்படை. கொழுந்தனாரின் 26 பேர் எண்ணிக்கை முதல் கேள்வியின் பதில் மட்டும்.

செலவையும் யோசியுங்கள். வாட்ஸ்அப்பின் வணிகத் தளத்தில் 2025 ஜூலையிலிருந்து டெம்ப்ளேட் (முன்பே வடிவமைத்த) செய்திகளுக்கு ஒவ்வொரு செய்தியாகக் கட்டணம். ஒவ்வொரு டி.சி.க்கும் ஒரு செய்தி போனால் மாதாமாதம் யார் கட்டுவது? 2,500 ரூபாய்க்குள் அடங்குமா? செய்து முடித்ததும் செலவு முடிந்துவிடும் என்ற எண்ணம் உங்கள் எக்செல் முழுக்க இருக்கிறது. வேலைக்கு ஆகும் காலம் என்ற பத்தியில் உருவாக்கும் காலம் மட்டும் வருகிறது. பிறகு வரும் சப்போர்ட் போன், பிழை திருத்தம், விதி மாறும்போது மறுபடி கை வைப்பது எதுவும் வரவில்லை.

சனிக்கிழமை சம்பளம் எனக்குப் பிடித்த கோரிக்கை. வாரா வாரம் திறந்தே ஆக வேண்டிய ஒரே வசதி அது. ஆனால் ஒரு வாரம் தப்பாகப் போனாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் நிற்பவர்கள் தையல்காரர்கள். அரைகுறையாக இறக்கக் கூடாத விஷயம். டி.சி. நிலையான பிறகு, அடுத்த பெரிய வேலையாக அதை வையுங்கள்.

ஏஐயை இப்போதைக்கு விடுங்கள். நல்ல தரவு இல்லாமல் செய்து காட்டினால் முதலீட்டாளர் கேட்கும் இரண்டாவது கேள்விக்கே பதில் இருக்காது. மூன்று மாதத்தில் எத்தனை பேர் நிறுத்துகிறார்கள் என்பதுதான் அந்தக் கேள்வி. முழுவதையும் அழித்து எழுதுவதும் வேண்டாம். டெவலப்பர் சொல்வதில் நியாயம் இருக்கலாம், டி.சி. பகுதியை மட்டும் அவர் விருப்பப்படி புதிதாக எழுதட்டும்.

அந்த ஆறு லட்சம்

இதற்கு ஒரே வரியில் வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டேன். ஏழு மாதக் காசோடு இருப்பவருக்கு ஆறு லட்சம் என்பது இன்னும் ஆறு மாத மூச்சு. ஆனால் இது இனாம் இல்லை. உங்களிடம் இருக்கும் கைகளில் மூன்றில் இரண்டு பங்கு நான்கு மாதம் அங்கே போய்விடும். அந்த நான்கு மாதமும் 46 பேருக்கு ஒரே ஆள். இப்போதைய வேகத்தில் அதற்குள் இன்னும் ஆறு பேர் நிறுத்துவார்கள், அது மாதம் 15,000. ஆர்டர் காலண்டர் சின்ன யூனிட் எதற்கும் உதவாது. நான்கு மாதம் முடியும்போது, எக்ஸ்போர்ட்டர் ஒருவருக்குச் சொந்தமான ஒரு மென்பொருளையும் பார்ட்டிகள் கழன்றுகொண்டிருக்கும் இன்னொரு மென்பொருளையும் சேர்த்துப் பராமரிக்கும் நிலைக்கு வருவீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், அவரிடம் போய் வேறொரு பேச்சைத் தொடங்குவேன். ஆர்டர் காலண்டரை இன்று அவருடைய மெர்ச்சண்டைசர்கள் எக்செல்லில் ஓட்டுகிறார்கள். அது தப்பாவது எக்செல்லால் அல்ல, வெளி யூனிட்டில் துணி எங்கே நிற்கிறது என்று தெரியாததால். நீங்கள் அந்த வேலையைச் செய்தவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு ஜாப் ஒர்க் செய்யும் யூனிட்கள் எல்லாம் உங்கள் டி.சி. பதிவுக்குள் வந்தால், காலண்டருக்கு வேண்டிய தேதிகள் தாமாக வரும். அந்த யூனிட்களின் ஒரு வருட வாடகையை அவரே முன்பணமாகக் கட்டட்டும். ஆறு லட்சம் வராது, மூன்று வரலாம். ஆனால் நீங்கள் செய்ய வேண்டிய வேலைக்கே அந்தப் பணம் வரும்.

ஒத்துக்கொள்ளாமல் காலண்டர்தான் வேண்டும் என்றால், எடுப்பதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர்கள் வேலையின் பகுதியாக எழுதிய கோடு உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தம்; காசு கொடுத்துச் செய்யச் சொன்ன வாடிக்கையாளருக்கு அது தானாகப் போய்விடாது. எழுத்தில் கையெழுத்துப் போட்டு மாற்றித் தந்தால் மட்டுமே போகும். பெரிய கம்பெனிகளின் பர்ச்சேஸ் ஆர்டர் நிபந்தனைகளில் அந்த வரி பெரும்பாலும் பின்பக்கத்தில் ஒளிந்திருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போட்டால் அதே கோடை வேறு பார்ட்டிக்குக் கொடுக்கும் உரிமை போய்விடும். ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். பாதிப் பணம் முன்னால் வர வேண்டும், வருடப் பராமரிப்புக்குத் தனியாக விலை வேண்டும். உத்யம் (குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இல்லாவிட்டால் இந்த வாரமே எடுங்கள். சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் கொடுக்க வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இன்னொன்று: உங்கள் வருட வரவு 13.8 லட்சம். இந்த ஆறும் சேர்ந்தால் சேவைகளுக்கான 20 லட்ச ஜிஎஸ்டி பதிவு வரம்பை ஒட்டி நிற்பீர்கள். ஏற்கெனவே பதிவு இருந்தால் இதை மறந்துவிடுங்கள்.

கொழுந்தனாரிடம்

அவரைக் கொஞ்சம் அதிகமாகவே குறை சொல்லியிருக்கிறீர்கள். அவருக்கு எப்படிப் பணம் தருகிறீர்கள் என்று பார்த்தேன்: புதிய பார்ட்டி சேர்ந்தால் முதல் மாத வாடகை அவருக்கு. சேர்ப்பதற்குத்தான் பணம், மூன்றாவது மாதம் போனால் அவருக்கு நஷ்டமில்லை. அப்படியிருக்க அவர் "அடுத்த மாசம் வந்துடும்" என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்? அந்தத் தொகையை ஒன்றரை மடங்காக்கி, பார்ட்டி ஐந்தாவது மாத வாடகை கட்டிய பிறகு தருவதாக மாற்றுங்கள். அவர் பேச்சே மாறிவிடும்.

வீட்டுக்குள் அண்ணியாகப் பேச வேண்டாம், ஆபீஸில் வைத்துப் பேசுங்கள். கணவரும் கூட இருந்தால் நல்லது, நடுவராக இல்லை, கேட்பவராக. "நீங்க கொண்டுவர்ற எல்லாக் கோரிக்கையும் எழுதிக்கறேன். தேதி மட்டும் நான் சொல்றேன். பார்ட்டி கேட்டா, 'அண்ணிகிட்ட சொல்லியிருக்கேன், வந்து பார்த்துட்டுச் சொல்வாங்க'ன்னு சொல்லுங்க" என்றால் அவருக்கும் முகம் கோணாது. ஏற்கெனவே கொடுத்த வாக்குகளை இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி, எவை நடக்கும் எவை நடக்காது என்று அந்தந்தப் பார்ட்டிக்கு நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று பேர் கோபப்படுவார்கள். டிசம்பரில் தெரிந்து கோபப்படுவதைவிட இது பரவாயில்லை.

உங்கள் கடிதம் ஜூலையில் வந்தது. ஆகஸ்டில் நேரில் பேசுவதையும் போட்டோ சோதனையையும் தொடங்கினால் செப்டம்பர் கடைசியில் விடை கையில் இருக்கும். ஐந்து முதலாளிகளில் மூன்று பேராவது தினமும் ரிப்போர்ட்டைத் திறந்தால் டி.சி. வேலையில் மூன்று டெவலப்பர்களையும் இறக்குங்கள். என்ட்ரி சரியாக நடந்தும் அவர்கள் திறக்கவில்லை என்றால், என் யூகம் தப்பு. அப்போது கேட்க வேண்டியது வேறு கேள்வி: எத்தனை கிலோ எங்கே குறைந்தது என்பது எழுத்தில் இருப்பதை அந்த முதலாளிகள் உண்மையிலேயே விரும்புகிறார்களா? விரும்பாதவர்களும் உண்டு, அதற்கு அவர்களுக்குக் காரணமும் உண்டு. அப்படி இருந்தால் எந்த வசதி முதலில் என்பதை நிறுத்திவிட்டு, யாருக்கு விற்பது என்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். அந்த ஐந்து பேரின் விவரத்தோடு எழுதுங்கள்.